பின்னால் நிற்கிற ஆள்

படாளம்
8.6.2025

கலைக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற மேடம் தினமும் ஒரு பக்கமாவது எழுதச் சொல்லியிருக்கிறார். எதை எழுதுவது என்று கேட்டேன். "யாருக்காச்சும் லெட்டர் போடுங்க" என்றார். உன்னைத் தவிர யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை. உன் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. ரேணுகா முட்டுக்காடு போய் உன் அம்மாவிடம் குஜராத் முகவரி வாங்கி வந்தாள். "என்னாண்டயே அவன் சரியா பேசறதில்ல" என்றாராம் கன்னியம்மா அத்தை.

பிப்ரவரி 11 மதியம் மூன்று மணிக்கு கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ்ஸில் என் கை மாட்டியது. வலது கையில் ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல் மூன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன். ஷிப்டில் இருந்த எல்லாரும் வந்தார்கள். கேன்டீன் ஏசுபாதம்கூட இரண்டு பஸ் மாறி வந்தார். மறைமலைநகரில் ஆறு வருஷம் என்னோடு ஒரே ரூமில் இருந்தவன் நீ. நீ வரவில்லை. மார்ச்சில் லைன் லீடராகிக் குஜராத் போய்விட்டாய் என்று சூப்பர்வைசர் செல்வராஜ் சொல்லித்தான் தெரியும்.

கம்பெனி விசாரணை முடிந்துவிட்டது. பிரஸ்ஸின் ஒரு பட்டனை நானே டேப் போட்டுக் கட்டிவிட்டு ஓட்டினேன் என்று எழுதி என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரேணுகா தொழிலாளர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறாள். அங்கே மேசைக்கு மேசை போய் அவள் கேட்பது இதைத்தான்: "ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அழுத்துனாத்தான் பிரஸ் எறங்கும்னு நீங்களே சொல்றீங்க. அப்டினா கை எப்டி சார் உள்ள போவும்? யாரோ கட்டிக்கீறாங்க. என் வூட்டுக்காரர் கட்டல."

அது போகட்டும். நேற்று பரணிலிருந்து, டிவியில் மாட்டி ஆடுவோமே, நம் கேம் பெட்டியை இறக்கினேன். ஊருக்குத் திரும்பிப் போன அமெரிக்கா இன்ஜினீயரிடம் கால்பந்து என்று நம்பி வாங்கினோமே, அதேதான். ஆட்கள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்து நீ டிஸ்க்கில் கோளாறு என்றாய். அது அமெரிக்காக்காரர்கள் ஆடுகிற கால்பந்து என்று பிறகுதான் தெரிந்தது. அப்புறம் ஒரு வருஷம் வேறு எதையுமே நாம் ஆடவில்லை. நீ எப்போதும் தாக்குகிற பக்கம். நான் தடுக்கிற பக்கம்.

தடுக்கிறவனுக்கு வேகம்தான் முக்கியம். ஆளை வேகமாக ஓட வைக்கிற பட்டன் வலது ஆள்காட்டி விரலுக்கு அடியில் இருக்கிறது. அந்த விரல் இல்லை. என் ஆட்கள் பதினோரு பேரும் கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி நடக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ தாக்கும்போது என் ஆட்களிடம் எதைப் பார்த்து முடிவெடுப்பாய்? அதை மட்டும் எழுது.

கோதண்டராமன்


சானந்த்
19.6.2025

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. கவரில் இருந்த கையெழுத்தைப் பார்த்து யாரோ குழந்தை எழுதியது என்று நினைத்தேன். பிரித்த பிறகு தெரிந்தது. இங்கே வெயில் ரொம்ப அதிகம். ரொட்டிதான் சாப்பாடு, பழகிவிட்டது. உன் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் பெட்டியின் செட்டிங்கில் போய்ப் பார். எந்தப் பட்டன் எந்த வேலை செய்ய வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். ஓடுகிற பட்டனை இடது பக்கத்துக்குக் கொண்டு வா. இடது பக்கம் மேலே இன்னொரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தால் உன் ஆளை மெஷினே பந்துப் பக்கம் திருப்பிவிடும். அது விவரம் தெரியாதவர்களுக்கு என்று சொல்லி நீ அதைத் தொடவே மாட்டாய். இப்போது தொடு. தப்பில்லை.

இரண்டாவது, முன்வரிசை ஆட்களை நீ ஓட்டாதே. அவர்கள் முட்டி மோதுகிறவர்கள், அதை மெஷின் பார்த்துக்கொள்ளும். நீ எல்லாருக்கும் பின்னால் நிற்கிற ஆளை எடுத்துக்கொள். ஆட்டத்தில் அவனுக்குப் பெயர் சேஃப்டி. மற்ற பத்துப் பேரும் ஏமாந்துவிட்டால் மிச்சம் இருப்பது அவன்தான். அவன் ஒரு தப்பு செய்தால் அந்தத் தப்பைச் சரிசெய்ய அவனுக்குப் பின்னால் யாரும் கிடையாது.

மூன்றாவது, ஆள்மேல் பாய்கிற பெரிய இடி வேண்டாம். கன்ட்ரோலரின் வலது குச்சியைத் தள்ளி அடிக்கிறாயே, அது பத்துக்கு ஆறு தடவை தவறிப்போகும். கட்டிப்பிடித்து உட்கார வைக்கிற சாதாரணப் பட்டன் போதும். அதற்குக் கட்டை விரல் போதும்.

நான் எதைப் பார்ப்பேன் என்று கேட்டாய். உன்னுடைய அந்தக் கடைசி ஆளைத்தான் பார்ப்பேன். உனக்குப் பொறுமை கிடையாது. பந்து கிளம்புவதற்கு முன்பே அவனை முன்னால் இழுத்துவிடுவாய். நான் அவன் தலைக்கு மேலே எறிந்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் ஜெயித்தேன். இனிமேல் முன்னால் வருகிற மாதிரி இரண்டு அடி காட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விடு. பந்து கிளம்பியதும் இரண்டு விநாடி அசையாமல் நில். எறிகிறவன் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார். அப்புறம் ஓடு.

தங்கச்சி ரேணுகாவைக் கேட்டதாகச் சொல். கை சீக்கிரம்

உடம்பைப் பார்த்துக்கொள்.

கலைவாணன்


படாளம்
6.7.2025

கலைக்கு,

நீ சொன்னபடி பட்டனை மாற்றினேன். ஆனால் வலது பக்கத்தைத் தாங்க விரல் இல்லாததால் கன்ட்ரோலர் நழுவி நழுவி மடியில் விழுகிறது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த ரேணுகா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது பாதியை நான் பிடித்தேன், வலது பாதியை அவள் பிடித்தாள். நான் "புடி" என்றால் அவள் பிடிக்கிற பட்டனை அழுத்த வேண்டும்.

"இன்னாத்துக்கு இவனுங்க ஒருத்தன் மேல ஒருத்தன் வுழுறானுங்க?" என்று கேட்டாள்.

"அவங்க நாலு வாட்டிக்குள்ள பத்து கஜம் முன்னால வரணும். வந்துட்டா இன்னும் நாலு வாட்டி கெடைக்கும். வரவுடாம தடுத்துட்டா பந்து நம்மளுது."

"அவ்ளோதானா? இதுக்கு எதுக்கு ஹெல்மெட்டு?"

முதல் மூன்று முறையும் ஒன்பது கஜத்துக்குள் நிறுத்திவிட்டோம். நாலாவது முறை கடைசி ஆளை எடுத்து, இரண்டு அடி முன்னால் காட்டிவிட்டுத் திரும்பப் போய் நின்றேன். இரண்டு விநாடி அசையவில்லை. எறிகிறவன் இடது பக்கம் பார்த்தான், நானும் அந்தப் பக்கம் ஓடினேன். பந்து நேராக என் ஆளிடம் வந்தது. "புடி" என்றேன். ரேணுகா கண்ணை மூடிக்கொண்டு எல்லா பட்டனையும் அழுத்தினாள். பந்து எங்கள் ஆள் கையில் இருந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் கேட்டதற்கெல்லாம் நீ பதில் எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரிக்கு ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு வரி இல்லை.

இப்போது இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ரேணுகா விசாரணை ரிப்போர்ட்டின் நகல் வாங்கி வந்திருக்கிறாள். அன்று காலை ஷிப்டில் நாலாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டியது நீ. மதியம் அதை என்னிடம் ஒப்படைத்தபோது இரண்டு பட்டனும் சரியாக இருந்தன, டேப் எதுவும் இல்லை என்று ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். அதில் உன் பெயரும் கையெழுத்தும் இருக்கிறது. தேதி பிப்ரவரி 14.

அது உன் கையெழுத்துதானா?

செப்டம்பர் 22 தொழிலாளர் ஆபீசில் விசாரணை.

கோதண்டராமன்


சானந்த்
2.8.2025

கோதண்டம்,

எழுதியதும் கிழித்ததுமாக ஒரு மாதம் போய்விட்டது. இதையும் கிழித்துவிடுவேனோ என்று பயந்து தபால் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

கையெழுத்து என்னுடையதுதான். டேப் ஒட்டியதும் நான்தான்.

அன்று காலை செல்வராஜ் வந்து, "இன்னா கலை, பீஸ் கவுண்டு ஏறவே இல்ல. ஒரு பட்டன கட்டிட்டு ஓட்டு" என்றார். அதற்கு முன்பும் இரண்டு மூன்று பேர் செய்திருக்கிறார்கள். தீப்பெட்டி அட்டையை மடித்து வலது பட்டனை அழுத்தி வைத்து, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றினேன். இடது கையால் ஒரு பட்டனை மட்டும் தட்டினால் போதும், வலது கையால் தகடு வைத்துக்கொண்டே இருக்கலாம். ஷிப்ட் முடியும்போது பிரித்துவிட வேண்டும் என்று மனசில் இருந்தது. அன்று உங்கள் ஊர்ப் பக்கமிருந்து வருகிற கம்பெனி பஸ் லேட். நீ ஓடி வந்தாய். எனக்குத் திரும்பிப் போகிற பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. "நாலாம் நம்பர் நல்லா ஓடுது மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனேன். பஸ் சிங்கபெருமாள்கோயில் தாண்டும்போதுதான் டேப் ஞாபகம் வந்தது. போன் செய்திருக்கலாம். நீயே பார்த்துப் பிரித்துவிடுவாய் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது ஏசுபாதம் போன் செய்தார்.

மூன்றாம் நாள் செல்வராஜ் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். தாளை டைப் செய்து வைத்திருந்தார். "நீ கட்டுனன்னு வெளிய தெரிஞ்சா போலீஸ் கேஸ். உங்கம்மாவ யாரு பாப்பா? அவன் கை போனது போனதுதான, இனிமே வரப்போவுதா?" என்றார். கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இரண்டு நாள் வந்தேன். இரண்டாம் நாள் ரேணுகா வெளியே தண்ணீர் பிடிக்க வந்தது. அதன் முகத்தைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன்.

நீ ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்கு உயிர் வந்தது. அதை மட்டும் எழுதிக்கொண்டே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல். அதைச் செய்கிறேன்.

கலைவாணன்


படாளம்
11.8.2025

கடிதம் வந்தது. ரேணுகாவிடம் காட்டவில்லை.

கை வலிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.


சானந்த்
30.8.2025

கோதண்டம்,

நீ எழுதவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன். உனக்கு எழுதியதையெல்லாம் விவரமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, தொழிலாளர் ஆபீசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். செல்வராஜ் பெயரையும் எழுதியிருக்கிறேன். 22ஆம் தேதி நேரில் வந்து சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். டிக்கெட் எடுத்துவிட்டேன். வேலை போய்விடும், அது தெரிந்ததுதான். அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

கலைவாணன்


படாளம்
8.9.2025

கலை,

நீ கிளம்புவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்.

நான் டேப்பைப் பார்த்தேன்.

நீ போனதும் மெஷின் முன்னால் நின்றேன். கறுப்பு டேப் பளிச்சென்று கண்ணில் பட்டது. பிரிப்பதற்குக் கையைக் கொண்டுபோனேன். அப்போது பக்கத்துப் பலகையில் உன் எண்ணிக்கையைப் பார்த்தேன். ஒரு ஷிப்டில் 2,640 தகடு. நான் அதுவரை இரண்டாயிரத்தைத் தாண்டியதே இல்லை. டேப்பைப் பிரித்தால் உன் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் என்னுடையது ஆயிரத்து எண்ணூறு என்று நிற்கும். உன்னைவிடப் பத்துத் தகடாவது அதிகம் போட்டுவிட்டு, மறுநாள் உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பிரிக்கவில்லை. அரை மணி நேரம் ஓட்டினேன். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் ரேணுகா, "நீ கட்டலல்ல?" என்று கேட்டாள். "நான் கட்டல" என்றேன். அது உண்மைதான். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஏழு மாதமாக வெயிலில் ஆபீஸ் ஆபீசாக அலைகிறாள்.

பட்டனைக் கட்டியதற்காக எனக்கு உன்மேல் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் கட்டியிருப்பேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாயே, வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போனாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

கோதண்டராமன்


சானந்த்
15.9.2025

கோதண்டம்,

உன் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிட்டேன். நீ பார்த்தது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியே இருக்கட்டும். பழி என்மேல் இருக்கட்டும், அது எனக்கு வேண்டும். விசாரணையில் கேட்டால் கவனிக்கவில்லை என்று சொல். ரேணுகாவுக்காகவாவது சொல். உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

கலைவாணன்


படாளம்
19.10.2025

கலை,

நீ சாட்சி சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போனபோது நானும் ரேணுகாவும் கீழே நின்றிருந்தோம். நீ தலையைத் தூக்கவில்லை. மெலிந்துவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

எங்களை மேலே கூப்பிட்டார்கள். ஆபீசர் உன் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். செல்வராஜ் பெயர் வந்த இடத்தில் கம்பெனி வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். ஆபீசர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்: "நீங்க மெஷின்ல நின்னப்போ டேப் இருந்தத கவனிச்சீங்களா?"

நீ சொல்லிக் கொடுத்த பதில் வாயில் தயாராக இருந்தது. ஆனால் பதினைந்து நிமிஷத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்து நீ எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போயிருந்தாய். என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "பாத்தேன் சார். பாத்துட்டுத்தான் ஓட்டுனேன்" என்றேன்.

பின் வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ரேணுகா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாள். "அன்னிக்கே என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிருந்தீன்னா, அப்பவும் நான் இதே மாதிரிதான் போய் நின்னுருப்பேன். தெரிஞ்சே நின்னுருப்பேன். ஊர்ல அத்தினி பேரு முன்னால என்ன ஒண்ணும் தெரியாதவளா நிக்க வெச்சுட்ட."

மறுநாள் காலை மதுராந்தகத்தில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள். எங்கள் நிலத்தில் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னாள். சோறு போடுகிறாள், கைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாள்.

கேம் பெட்டியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். தனியாக ஆட முடியவில்லை.

கோதண்டராமன்


படாளம்
14.12.2025

கலை,

உத்தரவு வந்துவிட்டது. என்னை வேலையிலிருந்து எடுத்தது செல்லாது என்று எழுதியிருக்கிறார்கள். தெரிந்தே ஓட்டியது என் தவறு என்றும் அதே தாளில் இருக்கிறது. ஸ்டோரில் வேலை கொடுத்திருக்கிறார்கள், திங்கட்கிழமையிலிருந்து போகிறேன். செல்வராஜ் வேலையை விட்டுவிட்டார். எல்லா பிரஸ்ஸிலும் பட்டன்களுக்கு இரும்பு மூடி போட்டுவிட்டார்கள். இனி யாராலும் கட்ட முடியாது என்று ஏசுபாதம் சொன்னார். உன்னைக் குஜராத்தில் வேலையிலிருந்து எடுத்துவிட்டதையும், முட்டுக்காட்டுப் படகுத்துறையில் வேலைக்கு நிற்பதையும் அவர்தான் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்கக் கிளம்பினேன். ரேணுகாவிடம் சொன்னேன். "போறதுன்னா போ" என்றாள். செங்கல்பட்டு போய், மாமல்லபுரம் போய், அங்கிருந்து கடலோர பஸ் பிடித்தேன். பாலத்தின் மேல் நெரிசல். பஸ் நின்று நின்று போனது. ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். படகில் ஏறப்போகிற ஒரு குடும்பத்துக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாய். அதில் ஒரு பெரியவருக்கு வார் பத்தவில்லை. நீ குனிந்து பொறுமையாக அதைத் தளர்த்திக் கட்டினாய். கட்டிய பிறகு இழுத்துப் பார்த்தாய். அவர் ஏதோ சொன்னார், நீ சிரித்தாய்.

கண்டக்டர் "முட்டுக்காடு எறங்கு" என்று இரண்டு தடவை கூவினார். என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வழிகூட விட்டார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. நீ சிரித்ததைப் பார்த்து எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. கானத்தூரில் இறங்கி எதிர்ப்பக்கம் வந்து நின்று, வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ரேணுகா தட்டு மட்டும் வைத்தாள்.

வருகிற ஞாயிறு மறுபடியும் வருகிறேன். மூன்று மணி பஸ். வந்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால் நீயும் பேசாமல் உட்கார். மன்னிப்புக் கேட்காதே, அதைக் காதால் கேட்க எனக்கு இன்னும் தெம்பு இல்லை.

மூன்று மணி பஸ்ஸில் நான் இறங்கவில்லை என்றால் நாலு மணி பஸ்ஸைப் பார். அதிலும் இல்லை என்றால், உன் அம்மா சமைத்து வைத்துக் காத்திருப்பார். நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு.

கோதண்டராமன்